எரிமலைக்குக் கடல்நீர் ஊற்றிய தீவு

ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வெஸ்ட்மன் தீவுகளில் மக்கள் குடியிருப்பது ஹெய்மேய் ஒன்றில் மாத்திரமே. கோடைகாலத்தில் அங்கு செல்வோர் செங்குத்தான கடற்கரைச் சரிவுகளில் வளை தோண்டி வாழும் பஃபின் பறவைகளைப் பார்த்துவிட்டு, எல்ட்ஃபெல் எனப்படும் செந்நிறக் குன்றில் ஏறுவது வழக்கம். சுமார் 200 மீற்றர் உயரமான அக்குன்று 1973ஆம் ஆண்டுக்கு முன்னர் இருக்கவில்லை. அவ்விடம் வெறும் புல்வெளி.

அவ்வாண்டு ஜனவரி 23ஆந் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் நகரத்தின் கிழக்கு எல்லையில் நிலம் ஒன்றரைக் கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்து தீயைக் கக்கியது. ஊரிலிருந்தோர் ஏறத்தாழ 5,300 பேர். முதல் நாள் வீசிய புயலினால் மீன்பிடிப் படகுகள் கடலுக்குச் செல்லாது துறைமுகத்திலேயே கட்டப்பட்டிருந்தன. மறுநாள் விடியுமுன் பெரும்பாலானோர் அப்படகுகளிலேயே பெருநிலத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டனர். புயல் இல்லாதிருந்தால் படகுகள் ஆழ்கடலில் நின்றிருக்கும். பின் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாயிருக்கிறது.

சுமார் 400 வீடுகள் எரிகுழம்பிலும் சாம்பலிலும் அழிந்தன. குழம்பு துறைமுக வாயிலை நோக்கி நகர்ந்தபோதுதான் உண்மையான ஆபத்து தெரிந்தது. துறைமுகம் அடைபட்டால் மீன்பிடியை நம்பிய அவ்வூருக்குத் திரும்புவதில் பொருளில்லை. எரிகுழம்பின்மீது கடல்நீரைப் பாய்ச்சி உறையச் செய்யலாமென பௌதிகவியலாளர் தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன் கூறினார். தொடக்கத்தில் அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. பின்னர் பெரும் பம்பிகள் வந்தன. பாய்ச்சிய நீர் 60 இலட்சம் தொன்னுக்கும் அதிகம். வெற்றிக்கு நீர் மட்டுமே காரணமென்று சொல்ல நான் துணியேன், எரிமலையும் தளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் துறைமுகம் பிழைத்தது. உறைந்த குழம்பு வாயிலுக்கு ஓர் அணையாகி, அதை முன்னரிலும் பாதுகாப்பானதாக்கியது.

ஜூலை ஆரம்பத்தில் எரிமலை ஓய்ந்தது. தீவின் பரப்பு 2 சதுர கிலோமீற்றருக்கு மேல் கூடியிருந்தது.

இடம்பெயர்ந்தோரைப் பற்றிப் பல ஆண்டுகள் செய்தி எழுதியவன் என்பதால், வரலாற்றில் நான் முதலில் தேடியது சென்றவர்கள் திரும்பினரா என்பதையே. பெரும்பாலானோர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பினர், எல்லோருமல்லர். திரும்பியோர் சாம்பலை அள்ளி அகற்றினர். இன்னும் ஆறாத எரிகுழம்பின் வெப்பத்தைக் குழாய்களில் எடுத்து ஆண்டுக்கணக்கில் வீடுகளைச் சூடாக்கினர்.

சாம்பலுக்கடியிலிருந்து தோண்டியெடுத்த ஒரு வீட்டைச் சுற்றி 2014ஆம் ஆண்டு எல்டெய்மார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சுவர்கள் வெடித்து, கூரை நசுங்கி, அன்றிரவு விட்டுச்சென்ற வீட்டுப் பொருட்களுடன் அவ்வீடு அங்கு அப்படியே நிற்கிறது.