இரட்டைப் படிகத்தின் பெயர் வரலாறு

குவார்ட்சு என்னும் படிகக்கல் பெரும்பாலும் அறுபட்டைத் தூணாக வளரும். அரிதாக, இரு படிகங்கள் ஓரடியிற் கிளைத்துச் சிறகு விரித்தாற்போல் நிற்பதுண்டு. பிரான்சு நாட்டின் லா கார்தெத் சுரங்கத்தில் கிடைத்த இத்தகைய இரட்டையை 1829-இல் செருமானிய அறிஞர் வைசு முதன்முதலில் விளக்கினார். பின்னர், சப்பானின் யமனாசிப் பகுதியிலுள்ள ஒத்தோமே சுரங்கம் பெரிய, எழிலார்ந்த இரட்டைகளை மிகுதியாக ஈந்தது. எனவே 1905-இல் கோல்டுசுமிட் சூட்டிய ‘சப்பானிய விதி’ என்னும் பெயரே நிலைத்தது.

சேகரிப்போர் தோற்றத்தில் மயங்கலாகாது. தற்செயலாகச் சாய்ந்து ஒட்டிய படிகங்களும் அவ்வாறே தோன்றும். இரண்டின் நெட்டச்சுகளும் 84 பாகை 33 கலைக் கோணத்திற் சந்தித்தால்தான் அது மெய்யான இரட்டை.

இனங்காணக் கோணம் போதும். முதலிற் கண்ட மண்ணையோ பெயர் சுட்டவில்லை. அதனைச் சுட்டுவது வரலாற்றின் கடன்.