பொறி என்றொரு சொல், ஜின் என்றொரு சொல்

எலிப்பொறி என்கிறோம். பொறியியலாளர் என்கிறோம். இரண்டிலும் இருப்பது ஒரே பொறிதான். எலி பிடிக்கும் பெட்டியையும் பாலம் கட்டும் படிப்பையும் தமிழ் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. இரண்டுமே மனிதன் மூளையைப் பாவித்துச் செய்த கருவிகள் என்பதால்தான் என்று எனக்குப் படுகிறது. ஆங்கிலத்திலும் அச்சொட்டாக இதே கதை நடந்திருக்கிறது.

லத்தீனில் 'இஞ்ஜீனியம்' என்றால் பிறவி அறிவு, புத்திக்கூர்மை. அது பழைய பிரெஞ்சு வழியாக, 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, ஆங்கிலத்துக்குள் 'எஞ்சின்' என்று வந்தது. அன்றைய ஆங்கிலத்தில் எஞ்சின் என்றால் சாமர்த்தியம், தந்திரம், போர்க் கருவி, கண்ணி எல்லாம்தான். பேச்சில் முதல் அசை உதிர்ந்து 'ஜின்' ஆனது. முயலையும் பறவையையும் பிடிக்கும் பொறிக்கு நூற்றாண்டுகளாக அதுதான் பெயர். எஞ்சினியர் அதே வேர். 1794இல் அமெரிக்காவில் எலி விட்னி உரிமம் பெற்ற பஞ்சு பிரிக்கும் இயந்திரத்தின் பெயரில் உள்ள ஜின்னும் அதே வேர்தான். (ஜின் என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது அறபுச் சொல். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மதுபானத்துக்கும் சம்பந்தமில்லை, அது ஒரு காயின் பெயரிலிருந்து வந்தது.)

சரி, இந்தக் கண்ணிச் சொற்களெல்லாம் எப்படி இத்தனை காலம் தப்பிப் பிழைத்தன? வேட்டைக்காரன் எழுத்தறிவில்லாதவன். தன் கயிற்றுக்கும் வலைக்கும் அவன் வைத்த பெயரை அவன் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தவர்கள் அவற்றைத் தடை செய்தவர்கள்.

1381இல் இங்கிலாந்தில் பெரும் விவசாயிகள் கலகம் நடந்தது. பத்து வருடம்கூட ஆகவில்லை, 1390இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் பாராளுமன்றம் ஒரு வேட்டைச் சட்டம் கொண்டுவந்தது. வருடத்துக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் காணியில்லாத சாதாரண மனிதன் வேட்டை நாய் வைத்திருக்கக் கூடாது. மான், முயல் பிடிக்க கீரி போன்ற ஃபெரெட், வலை, கயிறு, 'ஹெயார் பைப்' என்ற முயல் பொறி, 'இன்னும் வேறு எஞ்சின்கள்' எதையும் பாவிக்கக் கூடாது. காரணத்தையும் சட்டமே சொல்கிறது: நல்ல கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் இருக்கும் பண்டிகை நாட்களில் தொழிலாளிகளும் வேலைக்காரர்களும் வேட்டைக்குப் போகிறார்கள், அந்தச் சாக்கில் கூடிச் சதி பேசுகிறார்கள். முயலைவிட மனிதர்கள் ஒன்றுகூடுவதுதான் அவர்களுக்குப் பயம்.

அந்த 'வேறு எஞ்சின்கள்' என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். புத்திக்கூர்மை என்று பொருள்பட்ட சொல், ஏழையின் கைக்கு வந்ததும் சட்டத்தில் குற்றக் கருவியின் பெயர் ஆகிவிட்டது.

1671இல் வந்த சட்டம் இன்னும் இறுக்கியது. சொந்தக் காணியிலிருந்து வருடத்துக்கு 100 பவுண் வருமானம் உள்ளவன்தான் வேட்டையாடலாம். அக்காலத்தில் கிராமப்புறத் தொகுதியில் வாக்களிக்க 40 ஷில்லிங் காணி போதும். 100 பவுண் என்றால் 2000 ஷில்லிங். வாக்குப் போடுவதற்கு வேண்டிய சொத்தைப்போல் 50 மடங்கு வேண்டும், ஒரு கவுதாரியைக் கொல்ல! இதை அந்நாட்டின் பெரிய சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனே குத்திக் காட்டியிருக்கிறார். வேட்டைக் காவலர்கள் ஏழைகளின் வீட்டுக்குள் புகுந்து தேடலாம் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. எதைத் தேடுவது? அதற்குத்தான் பட்டியல். முயல் வளையைச் சுற்றிக் கட்டும் வலைக்கு 'ஹே' என்று பெயர். இரவில் மணியடித்து, வெளிச்சம் காட்டிப் பறவையைத் திகைக்க வைத்து வலை போடுவதற்கு 'லோபெல்'. பிறகு 'ஸ்னெயார்', அதாவது சுருக்குக் கண்ணி. ஒரு பெயர் விடுபட்டால் வழக்கிலிருந்து தப்பிவிடுவான் என்பதால் ஒன்றையும் விடாமல் எழுதினார்கள். குத்தகைக்கு உழுபவன் தன் பயிரைத் தின்னும் முயலைத் தொடக்கூட முடியாது. இந்தச் சொத்துத் தகுதி 1831 வரை இருந்தது.

இதற்கிடையில் பொறி மனிதனைப் பிடிக்கவும் தொடங்கிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பொதுக் காணிகள் வேலியடைக்கப்பட்டு, கூலியாட்கள் பசியில் கிடக்க, பண்ணையார்கள் காட்டுக்குள் 'மேன்ட்ராப்' வைத்தார்கள். பல் வைத்த இரும்புத் தாடை, காலை வைத்தால் எலும்பு முறியும். கூடவே 'ஸ்பிரிங் கன்', நம்மூரில் கட்டுத்துவக்கு என்கிறோமே, அதேதான். கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். அது பசியில் வந்த திருடனையும் வழிதவறி வந்த பிள்ளையையும் பிரித்துப் பார்க்காது. 1820இல் ஒரு வழக்கில் நீதிமன்றம், துவக்கு கட்டியிருப்பது தெரிந்தும் உள்ளே போனவனுக்கு நட்டஈடு இல்லை என்று தீர்ப்பளித்தது.

1825இல் நடந்ததைக் கேளுங்கள். ஒருவர் மதில் கட்டிய தோட்டத்தில் விலையுயர்ந்த டியூலிப் பூக்கள் வளர்த்தார். அறிவித்தல் பலகை ஒன்றும் போடாமல் கட்டுத்துவக்கு கட்டியிருந்தார். பக்கத்து வீட்டு மயில் ஒன்று உள்ளே பறந்துவிட, ஓர் இளைஞன் உதவியாக மதிலேறிப் போனான். வெடி முழங்காலில் பட்டது. அவன் வழக்குப் போட்டு 1828இல் வென்றான். அதற்கு முன்பே, 1827இல், பாராளுமன்றம் மேன்ட்ராப்பையும் கட்டுத்துவக்கையும் தடை செய்திருந்தது. இரவில் வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டும் விலக்கு. மிருகங்களைப் பிடித்த இரும்பு ஜின் இன்னும் 130 வருடம் கடித்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்குத் தடை வந்தது 1958இல்தான்.

கண்ணிகள் போய்விட்டன, சொற்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. சப்பாத்துக் கயிறான 'லேஸ்' ஒரு காலத்தில் சுருக்குக் கண்ணி. லத்தீனில் சுருக்குக்குச் சொன்ன சொல்லின் பிள்ளை அது, கௌபோய் வீசும் 'லாஸோ' அதன் சகோதரன். பாடசாலை பேண்டில் பிள்ளைகள் அடிக்கும் ஸ்னெயார் டிரம்மின் அடியில் இழுத்துக் கட்டிய நரம்பும் கண்ணிக் கயிறும் ஒரே குடும்பம். ஆளை ஏமாற்ற வைக்கும் 'டிக்கோய்', வாத்துகளைக் கால்வாய்க்குள் வரவழைத்துப் பிடித்த ஒல்லாந்தர் கூண்டிலிருந்து வந்த சொல். வளைத்த கிளையில் கட்டும் கண்ணிக்கு 'ஸ்பிரிஞ்ச்' என்று பெயர், ஹம்லட் நாடகம் படித்தவர்கள் கண்டிருப்பீர்கள்.

நம் தீவுக்கு வந்த ஆங்கிலேயர் இங்கேயும் ஒரு பொறிச் சொல்லைப் பாவித்தார்கள். யானைகளைக் கூட்டமாக விரட்டி அடைக்கும் வேலிக்குக் 'கிரால்'. போர்த்துக்கேயரின் தொழுவச் சொல் ஒல்லாந்தர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கடைசிக் கிரால் 1950இல் பனாமுரையில் நடந்தது.

எமர்சன் டெனன்ட் 1859இல் இலங்கையைப் பற்றி எழுதிய நூலில் இரண்டு வகை மனிதர்கள் வருகிறார்கள். ஒருவர் மேஜர் ரொஜர்ஸ். சுட்டுக் கொன்ற யானைகள் 1400க்கு மேல். அவர் செய்தது 'ஸ்போர்ட்'. மற்றவர்கள் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் கிராமங்களின் பணிக்கர்கள். கையில் மான் அல்லது எருமைத் தோலில் திரித்த வார் மட்டும். யானையின் பின்னால் சத்தமில்லாமல் போய், பின்னங்காலில் சுருக்கை மாட்டி, மரத்தில் கட்டி உயிரோடு பிடிப்பார்கள். தென்னிந்திய அரசர்களின் ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். அவர்களைக் குறிக்க டெனன்ட் ஆங்கிலச் சொல் தேடவில்லை, 'பணிக்கியா' என்று நம் சொல்லையே எழுதினார்.

ஆனால் அந்த வாருக்கு என்ன பெயர், சுருக்கின் முடிச்சுக்கு என்ன பெயர், யானைக்குக் காற்று எட்டாமல் நெருங்கும் வித்தைக்கு என்ன பெயர்? இங்கிலாந்து ஏழையின் கண்ணிப் பெயர்களை அவனைப் பிடிக்க வந்த சட்டம் காப்பாற்றிக் கொடுத்தது. நம் பணிக்கர்களின் சொற்கள் வாயிலேயே இருந்தன, அந்த வாய்கள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

ஏறாவூர்ப் பக்கத்திலோ வேறெங்கோ பணிக்கர் குடும்பத்தில் வந்தவர்கள் இதை வாசித்தால், வாப்பா, மூத்தவாப்பா வாயில் கேட்ட சொல் ஒன்றே ஒன்று ஞாபகமிருந்தாலும் கீழே எழுதுங்கள். பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லை மட்டும் எழுதுங்கள். நான் ஒரு கொப்பியில் சேர்த்து வருகிறேன். இதுவரை ஒன்பது சொற்கள் இருக்கின்றன.