வெட்டுப்புள்ளிக்கு அப்பால்: அம்பாறைக் கரையோரத்தில் தேர்தல் முறையும் சிறு கட்சிகளும்

1988 டிசம்பரில் நிறைவேறிய 15ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆசனப் பங்கீட்டில் சேர ஒரு கட்சி மாவட்டத்தில் பெறவேண்டிய குறைந்தபட்ச வாக்கான வெட்டுப்புள்ளியை 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறக்கியது. ஜனாதிபதித் தேர்தலை முன்வைத்து முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப், வேட்பாளர் பிரேமதாசவிடம் பேரம்பேசிப் பெற்ற சலுகை அது. முஸ்லிம் காங்கிரஸை வாழவைத்தது அந்த 5 சதவீதமே என்பது கல்முனை மேடைகளில் கேட்டுப் பழகிய பேச்சு. அதில் பாதிதான் உண்மை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 43 சதவீதம். அங்கே பழைய வெட்டுப்புள்ளியும் அக்கட்சியை மறித்திருக்காது. திருத்தத்தின் பயன், முஸ்லிம்கள் சிதறி வாழும் மாவட்டங்களுக்கே உரியது.

அம்பாறையின் தேர்தல் மாவட்டமான திகாமடுல்லையில் சிறு கட்சிகளின் தலைவிதியை எழுதுவது வேறொரு கணக்கு. மாவட்டத்துக்கு ஏழு ஆசனங்கள். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒன்று போனஸாகப் போய்விடும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய கட்சிகளின் மொத்த வாக்கை ஆறால் வகுத்து, முழு ஈவுக்கு முதலிலும், எஞ்சிய ஆசனங்களைப் பெரிய மீதிக்கும் கொடுப்பார்கள். 2020இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியும் முன்னாள் புலித் தளபதி கருணா போட்டியிட்ட தமிழர் மகாசபையும் தனித்தனியே 5 சதவீதத்தைத் தாண்டின; இரண்டுக்கும் ஆசனம் இல்லை. மாவட்டத்தில் 17 சதவீதமான தமிழர்களுக்குத் தேசியப்பட்டியல் வழியாகவே ஒருவர் கிடைத்தார். 2024இல் நிலைமை தலைகீழ்: தேசிய மக்கள் சக்திக்கு நான்கு; தமிழரசு, முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் மூன்றும் ஆளுக்கொன்று பெற்றன, அதுவும் மீதி வாக்கின் தயவில். வெட்டுப்புள்ளி இரு தேர்தலிலும் அதேதான். வாக்கு எத்தனை கூறாகப் பிரிந்தது என்பதே மாறியது.

விகிதாசார முறை செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் ஊர்களை அது ஒரே பட்டியலில் கட்டிப்போட்டது. விருப்பு வாக்கில் சம்மாந்துறை கல்முனையோடு மோதும், நிந்தவூர் இரண்டோடும் மோதும். ஆனால் முஸ்லிம் காங்கிரஸின் மரச் சின்னத்துக்கு விழுந்த வாக்கு எல்லோருக்கும் பொது. தோற்ற ஊருக்குத் தேசியப்பட்டியல் வாக்குறுதி. (அது எத்தனை முறை காப்பாற்றப்பட்டது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.)

2017இன் உள்ளூராட்சித் திருத்தம் இந்தக் கட்டை அவிழ்த்தது. 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் விகிதாசாரம் என்ற கலப்பு முறையில் 2018 பெப்ரவரியில் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடந்தபோது, தனி உள்ளூராட்சி சபை கேட்டுப் பள்ளிவாசலின் ஆதரவோடு தோடம்பழச் சின்னத்தில் இறங்கிய சுயேச்சைக் குழு, அச்சபைக்குள் அடங்கிய சாய்ந்தமருதை வாரிக்கொண்டது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபைக்கு வர்த்தமானி வெளிவந்து, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது.

வட்டார முறை சிறு கட்சிகளை ஒழித்துவிடும் என்ற பொதுவான அச்சம் இந்தக் கரையோரத்துக்குப் பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று. வாக்கு ஓரிடத்தில் குவிந்திருக்கும் இங்கே சிறு அணிகள் வட்டாரத்தில் தாராளமாக வெல்லும். நொறுங்குவது ஊர்களைத் தாண்டிய கட்சி. இன்னும் மோசமாகப் பாதிக்கப்படுவது, வேறொரு சமூகத்தின் பெரும்பான்மைக்குள் எல்லைக்கோடு தள்ளிவிடும் சிறுபான்மை: கல்முனையில் தமிழர், கொழும்பிலும் கண்டியிலும் முஸ்லிம்கள்.

பரிகாரம் புதிதாகத் தேடவேண்டியதல்ல. 1977இல் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஐக்கிய தேசியக் கட்சியின் ஜலால்தீனும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கனகரட்ணமும் அங்கிருந்து ஒருங்கே நாடாளுமன்றம் போனார்கள். நாடாளுமன்றத்துக்கும் கலப்பு முறை வருவதானால் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் மூன்றிலும் பல அங்கத்தவர் தொகுதிகளைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும்; எல்லை நிர்ணயக் குழுவின் விருப்பத்துக்கு விடக்கூடாது. போனஸ் ஆசனத்தையும் நீக்கிவிடலாம். அம்பாறை போன்ற ஏழு ஆசன மாவட்டத்தில் அது ஏழில் ஒரு பங்கை முதலாமவருக்கு இனாமாகக் கொடுக்கிறது.

முறையை மாற்றவிடாமல் தடுப்பதே போதும் என்ற வாதமும் எடுபடாது. மாகாண சபைகளில் கலப்பு முறைக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். முஸ்லிம் கட்சிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. ஆனால் அந்த முட்டுக்கட்டையில் தேர்தலே நடக்காமல், கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது கலைந்ததுதான். 2012இல் தனித்து நின்று வென்ற ஏழு ஆசனங்களைக் கொண்டு முஸ்லிம் காங்கிரஸ் ஆட்சியைத் தீர்மானித்ததும், 2015இல் முதலமைச்சர் பதவியைப் பெற்றதும் அந்தச் சபையில்தான்.