ஸ்மோக்கி மலையோடைகளில் பின்வசந்த ஈத்தூண்டில் பருவம்

அமெரிக்காவின் டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் நீளும் கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடரின் ஓடைகளில், ஏப்ரல் இறுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை ட்ரவுட் மீன்களுக்காக நடக்கும் தூண்டில் பருவம். இறகு, முடி, நூல் ஆகியவற்றால் முள்ளின் மேல் கட்டிய பொய்ப்பூச்சியே ஈத்தூண்டிலில் இரை. பூச்சிக்கு எடை கிடையாது. கனத்த தூண்டில் கயிறுதான் வீச்சின் விசையைச் சுமந்து செல்கிறது. கயிற்றின் நுனியில் கட்டிய மெல்லிய தங்கூசி பூச்சியை நீர்மேல் இறக்குகிறது. தேசியப் பூங்காவுக்குள் ஆண்டு முழுவதும் தூண்டில் போடலாம் என்றாலும், புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. குளிர்ந்த நீர், ஏராளமான பூச்சி, பசித்த மீன் மூன்றும் இப்போதுதான் ஒன்றுசேர்கின்றன.

இவ்வோடைகளுக்கே உரிய மீன் புரூக் ட்ரவுட். உடலெங்கும் புள்ளிகள் இருப்பதால் மலைவாசிகள் இதை ‘ஸ்பெக்’ என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் காட்டை வெட்டித் தள்ளியபோது ஓடைகள் நிழலிழந்து சூடேறி மண்ணால் நிரம்பின. அந்த வெற்றிடத்தில் அமெரிக்க மேற்குக் கரையின் வானவில் ட்ரவுட்டும் ஐரோப்பாவின் பிரவுன் ட்ரவுட்டும் விடப்பட்டன. புரூக் ட்ரவுட் தன் பழைய எல்லையில் ஏறக்குறைய முக்கால் பங்கை இழந்து மலையுச்சி ஓடைகளுக்குள் ஒடுங்கியது. 1934-இல் தேசியப் பூங்கா அமைந்தது; 1970-களில் மீன்குஞ்சு விடுவதும் நின்றது. எனவே இன்று பூங்காவில் பிடிபடுவதெல்லாம் ஓடையிலேயே பிறந்து வளர்ந்த மீன். அருவிகளைத் தடுப்பாகக் கொண்டு சில ஓடைகளிலிருந்து வந்தேறி மீன்களை நீக்கிப் புரூக் ட்ரவுட்டை மீண்டும் குடியேற்றியிருக்கிறார்கள். அப்படி மீட்ட லின் கேம்ப் பிராங் ஓடை 2015-இல் தூண்டிலுக்குத் திறக்கப்பட்டது. இப்பூங்கா செய்த வேலைகளில் மிக உயர்ந்தவற்றுள் இதை வைக்க வேண்டும்.

பருவத்தை நாட்காட்டியைக் காட்டிலும் நீரின் வெப்பநிலையே சரியாகச் சொல்லும். ஏறத்தாழ 13 முதல் 18 பாகை செல்சியஸ் வரை ட்ரவுட் நன்றாக இரையெடுக்கும். 20-ஐத் தாண்டினால் நீரில் உயிர்வளி குறைந்து மீன் தவிக்கும். அப்போது பிடித்து விட்ட மீன்கூடப் பிழைப்பது கடினம். சட்டைப்பையில் ஒரு வெப்பமானி வைத்திருப்பது பத்துப் பெட்டி பொய்ப்பூச்சியைவிடப் பயன்படும். ஏப்ரலில் நடுப்பகலே நல்ல நேரம். மே முடிவில் காலையும் மாலையும் நல்லவையாகின்றன. உயரமும் இதே கணக்கில் வரும். ஆப்ரம்ஸ் கிரீக் ஓடையின் கீழ்முனை 300 மீட்டருக்கும் தாழ்வானது. மலைத்தொடரின் உச்சியான குவோஹி சிகரம் 2,025 மீட்டர். கீழே கோடை தொடங்கும்போது மேலே வசந்தம் இன்னும் முடிந்திருக்காது. அதனால் கீழ் ஓடை சூடேறச் சூடேற, தூண்டில்காரர் மலை ஏறிக்கொண்டே போகிறார்.

பூச்சிகளின் நிறமும் பருவத்தோடு மாறுகிறது. மார்ச்சில் எழும் ‘மே ஈ’ என்னும் நீர்ப்பூச்சிகள் பெரும்பாலும் சாம்பலும் கருமையும் கலந்தவை. மே மாதத்தில் வருபவை வெளிர்மஞ்சளும் இளமஞ்சளும். இப்பருவத்தின் அடையாளம் ‘யெல்லோ சாலி’ எனப்படும் சிறு மஞ்சள் கல் ஈ. இதன் இளம்பூச்சி நீருக்கடியில் கற்களுக்கிடையே வாழ்ந்து, முதிர்ந்ததும் பாறைமேல் ஏறித் தோலுரிக்கிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே காலும் உணர்கொம்பும் அப்படியே இருக்க, முதுகு மட்டும் பிளந்த உலர்ந்த கூடுகள் பாறையில் ஒட்டியிருந்தால் அங்கே கல் ஈ வந்துவிட்டது என்று கொள்ளலாம். மாலையில் பெண் ஈக்கள் முட்டையிடத் திரும்பி நீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும்போது மேற்பரப்பில் மஞ்சள் பொய்ப்பூச்சிக்கு நல்ல மதிப்பு. இதே வாரங்களில் மரக்கிளைகளிலிருந்து பட்டுநூலில் தொங்கும் பச்சைப் புழுக்கள் ஓடையில் விழுகின்றன. பச்சை நூலை வளையமாகச் சுற்றிய எளிய முள்ளையே மீன் ஆவலாய்க் கவ்வும்.

‘யாலர்ஹாமர்’ என்ற பழைய பொய்ப்பூச்சி இம்மலைகளுக்கே சொந்தம். மஞ்சள் தண்டுச் சிறகுள்ள ஒருவகை மரங்கொத்தியின் இறகைப் பிளந்து முள்ளில் சுற்றிக் கட்டினார்கள். அந்தப் பறவையின் உள்ளூர்ப் பெயரே பூச்சிக்கும் ஆனது. புலம்பெயர் பறவைகளைக் காக்கும் 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இப்போது அவ்விறகைப் பயன்படுத்தக் கூடாது. மஞ்சள் சாயமேற்றிய வேறு இறகில் கட்டுகிறார்கள், மீனும் எடுக்கிறது.

இந்நீரில் சத்து குறைவு. பாறைகள் நீருக்குக் கொடுக்கும் தாதுக்கள் சொற்பம் என்பதால் பத்து அங்குல வானவில் ட்ரவுட்டே இங்கு நல்ல மீன். கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைகளைத் தொட்டு வரும் ஆப்ரம்ஸ் கிரீக் மட்டும் விதிவிலக்கு. உணவு அரிது என்பதால் மீன் பூச்சியின் நுணுக்கத்தை ஆராய்வதில்லை. மனித நிழலுக்குத்தான் அஞ்சுகிறது. மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால், கீழிருந்து மேலாக, குனிந்து, பாறை மறைவில் அணுக வேண்டும். ரோடோடென்ட்ரான் புதர்கள் ஓடையை மூடிக் கிடக்கும் இடங்களில் எட்டு அடிக்குக் குறைந்த கழியும் குறுகிய வீச்சும் உதவும். வீச்சு நீண்டால் இடையிலுள்ள வேகநீர் கயிற்றை இழுத்து, பூச்சி இயல்பாக மிதக்காமல் கெடுத்துவிடும்.

பிற்பகல் இடிமழை இப்பருவத்தில் சாதாரணம். ஓடை விரைவாக உயரும். கரையேறத் தயங்கக் கூடாது. காட்டு மண் உறிஞ்சிக்கொள்வதால் நீர் விரைவிலேயே தெளியும். வடியும் அந்த இலேசான கலங்கலில், பகலில் ஒளிந்திருக்கும் பெரிய பிரவுன் ட்ரவுட் வெளியே வரும்.

அணைகளுக்குக் கீழுள்ள ஆறுகளில் நிலைமை தலைகீழ். கிளிஞ்ச் ஆற்றின் நாரிஸ் அணையும் (1936), வடகிழக்கே சவுத் ஹோல்ஸ்டன் அணையும் (1950) ஆழத்து நீரை விடுவதால், ஆறு கோடையிலும் சில்லென்றிருக்கும். சவுத் ஹோல்ஸ்டனில் கந்தக நிறச் சிறு மே ஈ எழும் காலத்துக்காக வெகுதூரத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இங்கே உணவு மிகுதி, மீன் பெரிது. ஆகவே மலையோடையில் எடுபடும் தோராயமான பொய்ப்பூச்சி இங்கே செல்லாது, மிக நுண்ணிய தங்கூசியும் துல்லியமான அளவும் வேண்டும். இவ்வணைகளை இயக்கும் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் வெளியிடும் மின்னுற்பத்தி அட்டவணையைப் பார்க்காமல் நீரில் இறங்கவே கூடாது. டர்பைன் ஓடத் தொடங்கினால் முழங்கால் நீர் சிறிது நேரத்தில் நிற்க முடியாத வெள்ளமாகும்.

பூங்காவின் வடகரோலினா வாசலில் கிழக்குச் செரோக்கி மக்களின் நிலத்துக்குள் ஓடும் ஓக்கனலஃப்டி ஆற்றில் மீன் விடப்படுகிறது. அதற்குப் பழங்குடி அரசின் தனி அனுமதிச்சீட்டு தேவை. பூங்காவுக்குள் இரு மாநிலங்களில் எதன் உரிமமும் செல்லும். ஒற்றை முள் கொண்ட செயற்கை இரை மட்டுமே அனுமதி. ஏழு அங்குலத்துக்குக் குறைந்த ட்ரவுட்டை விட்டுவிட வேண்டும். ஓடைக் கற்களைப் புரட்டுவதும் அடுக்குவதும் தடை, ஏனெனில் ஹெல்பெண்டர் என்ற பெரும் நீர்வாழ் சாலமாண்டரும் சிறு மீன்களும் அவற்றின் அடியில்தான் முட்டையிடுகின்றன. ஜூன் நடுவில் தாழ்வான ஓடைகள் சூடேறியதும், பூங்காவுக்கு வெளியே லிட்டில் ரிவரின் கீழ்ப்பகுதியில் ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்கான பருவம் சூடுபிடிக்கிறது.