‘புனர்வாழ்வு’ எண்டால் ஏன் எங்கட சனம் பயப்படுது?

மன்னாரில் ஒரு அம்மாவிடம் போய், "மகனைப் புனர்வாழ்வுக்கு அனுப்புங்கோ" எண்டு சொல்லிப் பாருங்கள். ஐஸ் பாவிக்கிற மகனை வீட்டில் வைத்துச் சமாளிக்க ஏலாமல் தவிக்கிற அம்மாவாக இருந்தாலும், அந்தச் சொல்லைக் கேட்டதும் தயங்குவா. அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.

2009 இல் போர் முடிந்ததும் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டார்கள். அதை நடத்தியது புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகம். முகாம், படையினர், எப்ப விடுவினம் எண்டு தெரியாத காத்திருப்பு: எங்கட ஊர்களில் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது இவைதான். பிறகு போதைக்கு அடிமையானவர்களைப் பார்க்கும் பொறுப்பும் அதே பணியகத்திடம் போனது. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாடு முகாமில் முதலில் முன்னாள் போராளிகள் இருந்தார்கள், பின்னர் போதைப்பொருள் பாவித்தவர்கள்.

இந்த நாட்டின் சட்டம் முதலில் கண்டது போதைப்பொருளைத்தான், பாவிக்கிற மனிதரை இல்லை. 1929 இல் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் பரவ, 1984 இல் அதே சட்டத்தில் மரணதண்டனையைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் உருவானது. அது நடத்திய சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ பக்கம் இருந்தன. 2007 இன் 54ஆம் இலக்கச் சட்டம், விருப்பமில்லாதவரையும் நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்றது.

மனநோய்க்கு வேறு சட்டம், வேறு கதவு. அந்தச் சட்டம் 1873 ஆம் ஆண்டையது. பெரிய வைத்தியசாலை கொழும்புக்கு அருகே அங்கொடையில். மன்னாரில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல்.

ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு நோயும் இருந்தால்? போர் கண்ட கரையில் இது அபூர்வம் இல்லை. இடம்பெயர்ந்தவர்கள், 1990 இல் தீவை விட்டுத் துரத்தப்பட்ட முஸ்லிம்கள், காணாமல் போனவர்களைத் தேடுகிற குடும்பங்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் மன்னார். நித்திரை வராமல் கசிப்பில் தொடங்கியவருக்குக் குடி ஒரு நோய், அதன் அடியில் கிடக்கிற பயமும் துக்கமும் இன்னொரு நோய். தலைமன்னாருக்கு எதிரே தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர்தான். கேரளக் கஞ்சா மூட்டைகள் கடலில் பிடிபட்ட செய்தி வந்துகொண்டே இருக்கு. மூட்டை பிடிபட்டால் படம் எடுத்துப் போடுகினம். பாவித்த பெடியனுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு ஆரும் எழுதுவதில்லை.

போதையை உடலில் இருந்து இறக்குவது சிகிச்சையின் முதல் படி மட்டும்தான். ஹெரோயினை நிறுத்தினால் வாந்தி, உடல்வலி, நடுக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் தணியும். குடியை நிறுத்துவது அதைவிட ஆபத்து: முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன்பிறகு சித்தப்பிரமையும் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அதனால் மருந்தும் தயமின் விற்றமினும் வைத்தியரின் கண்பார்வையும் வேண்டும். ஐஸை நிறுத்தினவருக்குக் கடும் சோர்வும், சாகவேண்டும் என்ற எண்ணமும் வரலாம். காதில் குரல் கேட்டால், அது ஐஸால் வந்ததா, முதலே இருந்த மனநோயா எண்டு பிரித்தறியச் சில வாரங்கள் எடுக்கும். ஒரு வாரத்தில் "சுகமாகிட்டார்" எண்டு வீட்டுக்கு அனுப்பினால், உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவு ஹெரோயினைத் திரும்ப எடுப்பவர் செத்துப்போகலாம். இதையெல்லாம் ஒரு காவலாளியால் பார்க்க ஏலாது.

2012 இல் ஐ.நா.வின் 12 அமைப்புகள் சேர்ந்து, கட்டாயப் போதைத் தடுப்பு முகாம்களை மூடச் சொன்னன. 2022 யூனில் கந்தகாட்டில் ஒருவர் இறந்தார். மோதல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். அந்த மரணம் தொடர்பாகப் படையினர் சிலர் கைதானார்கள். அதே ஆண்டு வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் முன்னாள் போராளிகளையும் போதைக்கு அடிமையானவர்களையும் ஒரே பட்டியலில் வைத்தது. அது அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. திருத்திய சட்டம் 2023 சனவரியில் நிறைவேறியது. முன்னாள் போராளிகள் என்ற சொல் போனது. போதைக்கு அடிமையானவர்கள் மிஞ்சினார்கள்.

வேறு வழி இல்லையா? கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 1980களின் இறுதியில் மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே போய் முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தது. குடிப்பவரை ஊரை விட்டுப் பிரிக்கவில்லை. குடும்பத்தையும் ஊரையும் சிகிச்சைக்குள் கூப்பிட்டார்கள். அங்கேயும் "முகாம்" என்ற சொல்தான். ஆனால் அங்கே காவல் இல்லை.

எங்கட நாட்டின் 2005 தேசிய உளநலக் கொள்கையும், உளநலச் சேவை மாவட்டங்களுக்குப் போகவேண்டும் என்றுதான் சொன்னது. அதை வைத்தே நாங்கள் கேட்கிறோம்: போதை இறக்குகிற கட்டிலும் உளநல வைத்தியரும் ஒரே இடத்தில், மன்னாரிலேயே, எங்கட மொழியில் வேண்டும். அந்த அம்மா மகனைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், பின்னேரம் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கக்கூடிய தூரத்தில்.