பூட்டிய ஏடும் திறந்த ஏடும்



புதுச்சேரியில் வாழ்ந்த வணிகப் பெருமக்களுள், தம் தொழிலின் நினைவைத் தாளில் இறக்கி வைத்துச் சென்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் பிறந்து, பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் தலைமைத் துபாசியாக விளங்கிய அவர், 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்குக்கு என்ன விலை பேசினார்கள், கவர்னரின் முகம் அன்று மலர்ந்திருந்ததா, சுருங்கியிருந்ததா என்பனவெல்லாம் அதில் இடம்பெற்றன. 1761 ஜனவரியில் அவர் மறைந்தார். அதே மாதத்தில் நகரமும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1769-இல் தன் தனி வாணிக உரிமையை இழந்தது. ஆயினும் நாட்குறிப்பு அழியவில்லை. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்பவர் அதனைக் கண்டறிந்தார். 1904 முதல் 1928 வரையில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்புப் பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது.

எழுதியவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்த ஏட்டைப் பிரித்தவர்கள் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. தாள் செய்தவனைத் தேட வேண்டியதில்லை. மை விற்றவனுக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. தமிழும் பழைய கையெழுத்தும் அறிந்திருந்தால் போதும். ஆயினும் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: நாட்குறிப்பின் சில பகுதிகள் நமக்குக் கிட்டவேயில்லை. அவை காணாமற்போன காலத்தில் வேறு படி எடுத்து வைத்திருப்பார் இல்லை. இவ்விரு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொண்டு, நம் காலத்து வணிக நிலையங்களின் நினைவேட்டைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

இன்று அந்த ஏட்டுக்குப் பெயர் விக்கி. பலர் கூடி எழுதவும், ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தவும், திருத்தத்திற்கு முன்பிருந்த வடிவத்தை மீட்டெடுக்கவும் இடந்தரும் கணிப்பொறி ஏடு அது. அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் 1995 மார்ச்சு 25-ஆம் நாள் முதல் விக்கியைப் பொதுமக்கள் காண வைத்தார். ஹவாய்த் தீவு மொழியில் 'விக்கி' என்பதற்கு விரைவு என்பது பொருள். ஹொனலூலு விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு 'விக்கி விக்கி' என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரே அவர் நினைவில் தங்கியிருந்ததாம். மென்பொருள் எழுதுவோர் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளச் செய்த சிறு கருவி அது. அறிஞர்களின் கலைக்களஞ்சியம் அதிலிருந்து பிறக்கும் என்று அன்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அலுவலகங்களின் வேலைக் குறிப்பேடும் அதிலிருந்தே பிறந்தது.

விக்கியை நடத்தும் மென்பொருள்கள் இரு வகையின. ஒன்று திறமூல மென்பொருள். அதன் நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். மற்றொன்று தனியுரிமை மென்பொருள். அதனைப் பயன்படுத்தும் இசைவைத்தான் நாம் விலைக்கு வாங்குகிறோம். அதன் போக்கைத் தீர்மானிக்கும் உரிமை செய்தவரிடமே நிற்கிறது. வாடகை வீட்டில் குடியிருப்பதற்கும் சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இது என்று கூறலாம். சொந்த வீடு என்றால் கூரை ஒழுகும்போது ஏணி வைத்து ஏற வேண்டியவரும் நாமே. அதனைப் பின்னர் சொல்வேன்.

திறமூல விக்கிகளில் புகழ்பெற்றது மீடியாவிக்கி. 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியபோது அது வேறொரு சிறிய மென்பொருளில்தான் இயங்கியது. கட்டுரைகள் பெருகவே அந்தச் சட்டை சிறுத்துப்போயிற்று. மாக்னஸ் மான்சுக்கே என்ற ஜெர்மானிய மாணவர் புதிய நிரலை எழுத, 2002 ஜனவரியில் அது பயனுக்கு வந்தது. அதே ஆண்டில் லீ டேனியல் கிராக்கர் அதனை மீண்டும் எழுதிச் செப்பனிட்டார். நிரல் திறந்திருந்தமையால் தமிழருக்கு விளைந்த பயன் பெரிது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. பொத்தான்களின் பெயர்களையும் அறிவிப்புகளையும் தன்னார்வலர்களே தமிழாக்கினார்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னேடுகளாகத் திரட்டும் நூலகம் திட்டமும் தன் பட்டியலை அதே மீடியாவிக்கியில்தான் அமைத்தது. 'தமிழுக்குச் சந்தை இல்லை' என்று சொல்லும் வாய்ப்பு எந்த விற்பனையாளருக்கும் கிடைக்கவில்லை.

வணிகர்களின் கதை வேறு. அவர்களுக்கு அழகும் ஒழுங்கும் உதவியாளரும் வேண்டும். அத்தேவையை அறிந்து, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2002-இல் தோன்றிய அட்லாசியன் நிறுவனம் 2004-இல் கன்ஃப்ளூயன்ஸ் என்ற தனியுரிமை விக்கியை வெளியிட்டது. நல்ல மென்பொருள், குறிமொழி அறியாதவரும் எளிதில் எழுதலாம். 2009-இல் பத்துப் பேர் வரை பணிபுரியும் சிறு குழுவுக்குப் பத்தே டாலருக்கு அதனைக் கொடுத்தார்கள். அந்தத் தொகையும் அறப்பணிக்கே சென்றது. சிறு நிலையங்கள் பல அதனைத் தம் அறையிலுள்ள கணிப்பொறியிலேயே நிறுவிக்கொண்டன. 2020 அக்டோபரில் நிறுவனம் தன் கொள்கையை மாற்றியது. சொந்தக் கணிப்பொறியில் நிறுவும் அந்தப் பதிப்பின் விற்பனை 2021 பிப்ரவரியில் நின்றது. பழுதுபார்க்கும் உதவி 2024 பிப்ரவரியில் நின்றது. அதன்பின் நிறுவனத்தின் கணிப்பொறிக்கே குடிபெயர வேண்டியிருந்தது. அல்லது பெரிய நிலையங்களுக்கான பதிப்பை வாங்க வேண்டியிருந்தது. அப்பதிப்பின் மிகச் சிறிய உரிமமே ஐந்நூறு பேருக்கானதாக இருந்தது! பின்னர், 2025 செப்டம்பரில், அந்தப் பெரிய பதிப்பும் 2029 மார்ச்சோடு முடியும் என அறிவித்தார்கள்.

இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை என்பதையும் கூற வேண்டும். ஆண்டுக்கணக்கில் முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். எழுதிய பக்கங்களை வெளியே எடுத்துச் செல்லவும் வழி வைத்தார்கள். எனினும் முடிவு எடுக்கப்பட்ட இடம் சிட்னி. அதற்கு ஏற்ப நடக்க வேண்டியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் என்ற சேவையும் 2018-இல் இவ்வாறே மூடப்பட்டது.

அப்படியாயின் திறமூலத்தில் பூசல் இல்லையா? உண்டு. பீட்டர் தோனி என்பவர் 1998-இல் தொடங்கிய டிவிக்கி, அலுவலகங்களுக்கென்றே வளர்ந்த திறமூல விக்கி. பல நாட்டு நிரலாளர்கள் ஊதியமின்றி அதற்கு உழைத்தார்கள். பின்னர் தோனியை உள்ளிட்ட ஒரு வணிக நிறுவனம் அதனைச் சுற்றி எழுந்தது. 2008 அக்டோபரில் அந்நிறுவனம் திட்டத்தின் இணையதளத்தைத் தன் ஆளுகைக்குள் கொணர்ந்து, புதிய விதிகளுக்கு உடன்பட்டவரே உள்ளே வரலாம் என்றது. நேற்று வரை தாம் கட்டிய வீட்டின் வாயிலில், உழைத்தவர்கள் நிறுத்தப்பட்டார்கள். டிவிக்கி என்ற பெயர் வணிகச் சின்னம். அதனை அவர்கள் எடுத்துச் செல்ல இயலாது. நிரலோ பொது உரிமத்தில் இருந்தது. அதனை எவரும் தடுக்க இயலாது. எனவே பெயரை விட்டுவிட்டு நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பாஸ்விக்கி என்று புதுப்பெயர் சூட்டி, 2009 ஜனவரியில் முதற்பதிப்பையும் வெளியிட்டார்கள். டிவிக்கியின் பக்கங்கள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருந்தமையால், அதனைப் பயன்படுத்திய நிலையங்களும் தம் ஏடுகளை இழக்காமல் புதிய வீட்டுக்குப் போக முடிந்தது. உரிமம் என்பது பூசலைத் தடுக்கும் வேலி அன்று என்பதையும், பூசல் வந்த நாளில் அது என்ன செய்யும் என்பதையும் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே காணலாம். வழக்கறிஞர் எழுதிய உரிமப் பத்திரத்தை நான் ஆர்வத்தோடு படித்தது இந்த வரலாற்றை அறிந்த பின்னர்தான்.

நமக்கு நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. 1990-களில் தமிழைக் கணிப்பொறியில் அச்சிட ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவையும் ஒரு குறியீட்டு முறையையும் வைத்திருந்தது. ஒரு முறையில் தட்டச்சிட்ட கடிதத்தை வேறொரு கணிப்பொறியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் பிறைகளும் கலந்த ஒரு குப்பைதான் தோன்றும். தமிழார்வலர்கள் கூடி டிஸ்கி என்ற பொது முறையை வகுத்தார்கள். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் முறைகளை அறிவித்தது. உலகப் பொதுவான ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தும், தமிழக அரசு அதனைத் தன் தரமாக ஏற்றது 2010-இல்தான். இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டவற்றுள் எத்தனை கணக்குகள், எத்தனை கடிதங்கள் குறியீட்டோடு பூட்டிக் கிடக்கின்றனவோ!

கடற்கரைச் சாலையின் வடமுனையைத் தாண்டினால் குருசுக்குப்பம். குருசு என்பதே போர்த்துக்கீசியரிடமிருந்து கடல்வழி வந்த சொல். அங்கே என் பழைய மாணவர் ஒருவர், கையால் செய்த காகிதப் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு அலுவலகம் ஒன்றை நடத்துகிறார். பன்னிரண்டு பேர் பணியாளர்கள். எந்தச் சாயம் எந்த நாட்டில் தடுக்கப்பட்டது, எந்த வாடிக்கையாளர் எத்தகைய கட்டுமுறையைக் கேட்பார் என்பதெல்லாம் மூத்த கணக்கர் ஒருவரின் தலைக்குள்ளேயே இருந்தன. அவர் ஓய்வுபெறும் காலம் நெருங்கவே, "எந்த விக்கியை வைக்கலாம், ஐயா?" என்று மாணவர் என்னிடம் கேட்டார்.

"மீடியாவிக்கியை வை" என்று உடனே சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது எல்லோரும் எல்லாவற்றையும் படிப்பதற்கென்று கட்டப்பட்ட மண்டபம். இந்தப் பக்கத்தை இவர் காணலாம், அவர் காணலாகாது என்று பக்கம் பக்கமாகத் தடுப்பதற்கு அது வகுக்கப்படவில்லை என்று அதனை ஆக்கியோரே எச்சரிக்கிறார்கள். சம்பளப் பட்டியலை அதில் வைப்பது அறிவுடைமை ஆகாது. மேலும், அதன் பக்கங்கள் தரவுத்தளம் ஒன்றினுள் அடங்கியிருக்கும். தரவுத்தளத்தைப் பேணத் தெரிந்த ஆள் வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் வெளிவரும்போதெல்லாம் அவற்றை நிறுவ வேண்டும். இலவசம் என்பது மென்பொருளுக்கு மட்டும், உழைப்புக்கு இல்லை. அந்த உழைப்பைத் தர ஆளில்லாத நிலையம் தனியுரிமை விக்கிக்குப் பணம் கட்டுவதைக் குறை கூற மாட்டேன். திங்கள்தோறும் எல்லாப் பக்கங்களையும் வேறு எந்தக் கருவியாலும் படிக்கத்தக்க வடிவில் எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொள்ளும் ஒழுக்கம் மட்டும் அந்நிலையத்திற்கு வேண்டும். அவ்வாறு எடுக்க வழியில்லாத மென்பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

குருசுக்குப்பத்து அலுவலகத்தில் கணிப்பொறி அறிந்த இளைஞர் ஒருவர் இருந்தார். ஆதலின் டோக்குவிக்கியைப் பரிந்துரைத்தேன். ஆந்திரியாஸ் கோர் என்ற ஜெர்மானியர் 2004-இல் வெளியிட்ட திறமூல விக்கி அது. தரவுத்தளம் இன்றி, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி எழுத்துக் கோப்பாக வைக்கும். யார் எதனைக் காணலாம் என்று வரையறுக்கவும் இடமுண்டு. விக்கியே ஒருநாள் இயங்காது நின்றாலும், கோப்புகளை எந்தக் கணிப்பொறியிலும் திறந்து படிக்கலாம். மாணவர் முதலில் தயங்கினார். தனியுரிமை விக்கியின் அழகு இதற்கு இல்லை என்பது உண்மையே. பின்னர் ஒப்புக்கொண்டார். படிகள் இரண்டு இடங்களில் வைக்கப்படுகின்றன. ஒன்று கடற்கரைக்கு வெகு தொலைவில்.

கணக்கர் ஆறு திங்கள் நாள்தோறும் மாலையில் உட்கார்ந்து, தாம் அறிந்ததை ஒருங்குறித் தமிழில் எழுதி முடித்தார். 1998-ஆம் ஆண்டின் விலைப்பட்டியல் ஒன்றை மட்டும் அவரால் சேர்க்க இயலவில்லை. கோப்பு இருக்கிறது, அதனைத் தட்டச்சிட்ட எழுத்துரு எது என்று அவருக்கும் நினைவில்லை.