கிருபையின் பாத்திரம்

கொங்கு நாட்டில் ஊழியம் செய்யும் நமக்கு இரட்டைக் குவளை புதிய செய்தியன்று. கோயம்புத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் குலம் பார்த்துக் குவளையைப் பிரித்துவைத்த வழக்கத்தை நாம் எளிதில் கண்டித்துவிடுகிறோம். நற்கருணைப் பாத்திரத்தைக் குறித்து நம் லுத்தரன் திருச்சபையின் வரலாறு கூறுவதையும் நாம் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மனிதர் தம் புண்ணியத்தாலும் கிரியைகளாலும் அல்ல, கிறிஸ்துவினிமித்தம் விசுவாசத்தின் மூலம் இலவசமாய் நீதிமான்களாக்கப்படுகிறார்கள் என்று 1530 ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, நான்காம் பிரிவில் போதிக்கிறது. இதுவே லுத்தரன் விசுவாசத்தில் கிருபை என்பதன் பொருள். புண்ணியமே செல்லாத இடத்தில் பிறப்பு எவ்வாறு செல்லும்?

இவ்வுபதேசத்தோடு சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த சுவிசேஷங்களை வாசித்து லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்களில் ஒருவர், தஞ்சை அரசின் படையில் சேவித்த இராஜநாயக்கன். உபதேசியாராகிப் பல உபத்திரவங்களைச் சகித்து உழைத்தார். 1733 இல் வேளாளர் குலத்து ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். 1741 இல் தியோகு பெற்றார். இராஜநாயக்கனோ தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட குலத்தவர். மிஷனெரிமார் அவரைப் பெரிதும் மதித்தனர். ஆயினும் அவர் கையால் நற்கருணை வழங்கப்பட்டால் மேற்குலக் கிறிஸ்தவர்களிடையே அத்திருவருட்சாதனத்தின் மதிப்புக் குன்றுமென அஞ்சினர். 1771 இல் அவர் உபதேசியாராகவே மரித்தார்.

அதே அறிக்கையின் எட்டாம் பிரிவு, தீயோர் கையால் வழங்கப்படினும் திருவருட்சாதனங்கள் பலனுள்ளவை என்கிறது. தீயவன் கைக்கு இடமளித்த அறிக்கையை ஏற்ற சபை, ஒரு நீதிமானின் கைக்கு இடமளிக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷனும் இதே கேள்வியைச் சந்தித்தது. சாதியைக் கட்டளையால் ஒழிப்பதைவிடச் சுவிசேஷம் புளித்தமாவைப்போல் உள்ளிருந்து அதைக் கரைக்கட்டும் என்று கார்ல் கிரவுல் கருதினார். கிரியையைக் கிருபைக்கு நிபந்தனையாக்கலாகாது என்ற அச்சம் அதில் இருந்தது. அதை நாம் இகழவில்லை. ஆயினும் அந்தப் பொறுமையின் விலையைச் செலுத்தியவர்கள் யார்? காத்திருக்கும்படி சொல்லப்பட்டவர்களே. இக்கொள்கையை ஏற்காத ஒக்ஸ் என்னும் மிஷனெரி லைப்சிக் மிஷனை விட்டு விலகினார்.

அம்மிஷனின் ஊழியத்திலிருந்து 1919 இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. கோயம்புத்தூரிலுள்ள அதன் சபையாரும் இவ்வரலாற்றின் வாரிசுகளே. தாழ்ந்தவருக்குக் கொடுப்பதைக் கிருபையென எண்ணுவது நமக்கு எளிது. தாழ்ந்தவரென நாம் கருதியவர் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிப் பருகும்போதே, நாமும் தகுதியின்றிப் பெறுகிறவர்கள் என்பதை அறிக்கையிடுகிறோம். இராஜநாயக்கன் நீட்டமுடியாமற்போன பாத்திரம் இன்னும் நம்முன் இருக்கிறது.